13 அறை ஃபைலும் மூன்று பேருடைய வருமான வரியும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு சின்ன ஸ்டேஷனரி கடையில் 260 ரூபாய்க்கு வாங்கிய எக்ஸ்பாண்டிங் ஃபைல் இது. ஏ4 அளவு, பிளாஸ்டிக், துருத்தி மாதிரி விரியும் 13 அறைகள், மூடுவதற்கு ஒரு எலாஸ்டிக் பட்டை. பிராண்டு பெயர் எதுவும் இல்லை. 2024-25 நிதியாண்டுக்கு என்னுடையது, கணவருடையது, மாமியாருடையது என மூன்று ரிட்டர்னையும் இதை வைத்துத்தான் முடித்தேன்.

கூடவே ஒரு லேபிள் தாள் தருகிறார்கள். ஒரு பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை, மறுபக்கம் ஆங்கில எழுத்து வரிசை. இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவது ஒருபுறம் இருக்கட்டும், மாத வாரியாக அடுக்கினால் கணக்குப் போட உட்காரும்போது எல்லாவற்றையும் கீழே கொட்டி மறுபடி பிரிக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தப் பிரிவில் என்ன கழிவு என்றுதானே படிவம் கேட்கிறது? அந்த வரிசையிலேயே அறைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன்.

எனக்கு இரண்டே அறைதான். சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டிப் பள்ளியில் தரும் ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று. பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய வரி முறையில் நான் இருக்கிறேன். சம்பளக்காரர்களுக்கான நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 ரூபாய் எந்தத் தாளும் இல்லாமலே கிடைத்துவிடும். சேமிப்புக் கணக்கு வட்டியை மட்டும் மறக்காமல் காட்ட வேண்டும், பழைய முறையில் உள்ள 10,000 ரூபாய்க் கழிவு இதில் கிடையாது. எனக்கு மட்டும் என்றால் இந்த ஃபைலே வேண்டியதில்லை.

கணவர் கதை வேறு. வீட்டுக் கடன் இருப்பதால் அந்த ஆண்டு அவருக்குப் பழைய முறைதான் லாபம். வங்கி தரும் கடன் சான்று ஒரே தாள்தான். ஆனால் அதில் உள்ள வட்டி 2 லட்சம் வரை வீட்டுக் கடன் வட்டிக்கான பிரிவு 24க்கும், அசல் சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான கழிவுப் பிரிவான 80சிக்கும் போனது. அதனால் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு அறையிலும் வைத்தேன். 80சி அறையில் எல்ஐசி ரசீது, பிள்ளைகளின் பள்ளி ரசீது. டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் கணக்கில் வரும், வேன் கட்டணம் வராது. “எந்தத் தாளையும் ரிட்டர்னோடு இணைக்கப் போறதில்லையே, எதுக்கு இவ்வளவு?” என்று அவர் கேட்டார். இணைக்க வேண்டாம்தான். ஆனால் அந்த ஆண்டுப் படிவம் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கொடுத்த 260 ரூபாய் அங்கேயே வசூலாகிவிட்டது.

இனி குறைகள். பெரிய குறை, பிளாஸ்டிக். மாமியாருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாத மூத்த குடிமகனுக்குச் செய்த மருத்துவச் செலவை அந்த ஆண்டு 80டி என்ற மருத்துவக் கழிவுப் பிரிவில் 50,000 ரூபாய் வரை காட்ட முடிந்தது, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மருந்துக் கடைகளில் தருவதோ வழவழப்பான தெர்மல் தாள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் எழுத்து சீக்கிரம் மங்கிவிடுகிறது. இப்போது பில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, யுபிஐ ரசீதோடு பின் செய்து போடுகிறேன்.

எலாஸ்டிக் பட்டை சில மாதங்களில் தொளதொளத்துவிட்டது. பாஸ்புக் நான்கைந்து சேர்ந்தால் அடிமடிப்பும் விரிசல் விடுகிறது. அத்தை பாஸ்புக்கைக் கையை விட்டுக் கொடுக்கவே மாட்டார் என்பதால் அவர் அறைகளுக்கு அந்தச் சேதம் இல்லை. பென்ஷன் தாள், எஃப்.டி. வட்டிச் சான்று, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று ஏப்ரலில் வங்கியில் கொடுத்த 15எச் படிவத்தின் ஒப்புகை, அவ்வளவுதான் அவருக்கு.

நம் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ், வட்டி போன்ற வருமான விவரங்களைத் தொகுத்துத் தரும் ஏஐஎஸ் இரண்டும் வருமான வரி இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்வதுதானே, அதற்கு ஃபைல் எதற்கு என்று தோன்றலாம். 26ஏஎஸ்ஸை மட்டும் அச்செடுத்து வைக்கிறேன், சம்பளத்தில் பிடித்த வரியை ஃபார்ம் 16ஓடு ஒப்பிட அது போதும். ஏஐஎஸ் பக்கம் பக்கமாக நீளும், திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதைத் திறக்கப் பாஸ்வேர்டு, சிறிய எழுத்தில் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தது. பான் ஜெராக்ஸ் ஃபைலுக்குள்ளேயே கிடப்பதால் மேசைமேல் விட்டுவைக்காமல் பீரோவில் வைப்பது நல்லது.

ரிட்டர்ன் போட்டு, 30 நாளுக்குள் அதை ஆன்லைனில் உறுதிசெய்யும் இ-வெரிஃபையும் முடிந்த பிறகு தாள்களைப் பிரவுன் கவருக்கு மாற்றி, ஆண்டை எழுதி எடுத்து வைத்துவிட்டேன். நோட்டீஸ் ஏதும் வந்தால் அவை வேண்டுமே. காலியான ஃபைல் இப்போது அடுத்த ஆண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒரே சம்பளம், புதிய முறை என்றால் சாதாரண ஸ்பிரிங் ஃபைலே போதும். வீட்டில் பென்ஷன், கடன், எஃப்.டி. எல்லாம் கலந்து கிடந்தால் இதை வாங்கலாம். எலாஸ்டிக் வைத்ததை விட்டுவிட்டு, பட்டன் வைத்ததாகக் கேளுங்கள்.