திருவல்லிக்கேணி நடைபாதையில் கிடைத்த சஃபயர்

பாரதி சாலைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வில்லியம் சஃபயரின் பத்திக் கட்டுரைத் தொகுப்பு; கடைக்கார அண்ணன் 200 சொன்னார், பேசிப் பேசி 120-க்கு வாங்கினேன். அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு உரை எழுதியவர், 1969-இல் நிலாவுக்குப் போனவர்கள் திரும்பாமல் போனால் அதிபர் வாசிக்க வேண்டிய இரங்கல் உரையைக்கூட முன்னாடியே எழுதிக் கொடுத்தவர், 1973-இல் நியூயார்க் டைம்ஸில் பத்தி எழுத உட்கார்ந்து 1978-இல் புலிட்சர் பத்திரிகை விருதும் வாங்கிவிட்டார். அரசியலைவிட, ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று அவர் துருவுவதுதான் எனக்கு ருசி (மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த ஊராச்சே!). தாள் பழுப்பு, சரி, பரவாயில்லை. ஆனால் நடுவில் 16 பக்கம் காணோம், வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். கொண்டுபோய்க் காட்டினால், "வேற எடுத்துக்கோ தம்பி, இதைக் குடுத்துடு" என்றார். கொடுக்க மனசு வரவில்லை.