ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போட்டிக்குப் பணம் கட்டுமுன் அந்த வெள்ளைப் பகடையைச் சோதியுங்கள்

அமெரிக்காவின் நடுமேற்கில், விடுதி மண்டபம் ஒன்றில் வார இறுதியில் நடந்த மேசை பேஸ்பால் போட்டியில் ஆளுக்கு 60 டாலர் கட்டி ஏமாந்தவர்கள் சேர்ந்து எழுதும் எச்சரிக்கை இது. நடத்தியவரின் பெயரைப் போடவில்லை. செய்த வித்தையைத்தான் விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மேசை பேஸ்பால் ஆட்டம்தான் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஒரு சீசனில் வீரர் எப்படி ஆடினாரோ அதன் கணக்கில் அவருக்கு ஒரு கார்டு. வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் கார்டைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) கார்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று காட்டும். ஒரே வரியில் இரண்டு விளைவுகள் இருந்தால் 20 முகப் பகடை முடிவு செய்யும். மொத்தம் 216 வாய்ப்புகள். பேட்டருக்கு 108, பிட்சருக்கு 108. இந்தச் சரிபாதி குலைந்தால் ஆட்டமே குலைந்தது.

பகடையில் கள்ளம் செய்தால் இரு பக்கத்துக்கும் சமமாகத்தானே பலிக்கும் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். வழக்கமான பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டு 7. அதனால் 1, 2, 3 மூன்றும் ஒரு மூலையில் கூடும். 4, 5, 6 அதற்கு நேரெதிர் மூலையில். அந்த 4-5-6 மூலையில் துளி எடை வைத்தால் போதும், அந்த மூன்று முகங்களும் அடிக்கடி கீழே போய், பேட்டர் கார்டே திரும்பத் திரும்ப வரும். வரம்புத் தொகைக்குள் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் போட்டி நடத்தியவர் பணம் முழுவதையும் பேட்டர்கள்மேல் கொட்டி, மலிவான பிட்சர்களை வாங்கிக்கொண்டார். எதிரே 1968ஆம் ஆண்டின் பிட்சர் பாப் கிப்சன் (இ.ஆர்.ஏ. 1.12, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன் சராசரி) நின்றாலும் என்ன, அவருடைய கார்டைத் திறக்க வெள்ளைப் பகடை விடவில்லை.

மாட்டிக்கொண்டது ஸ்கோர் தாளில். உருட்டியதை எல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நேர்மையான பகடையை 216 முறை உருட்டினால் 1-3 ஏறத்தாழ 108 முறை வரும். 15 கூடுவதோ குறைவதோ அதிர்ஷ்டம். 130ஐத் தாண்டினால் பகடையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்த்து சுமார் 75 உருட்டல், ஆகவே மூன்று ஆட்டங்களின் தாள்கள் போதும். அவர் மேசைத் தாள்கள் அந்த எல்லையைத் தாராளமாகக் கடந்திருந்தன.

அடுத்து உப்புத் தண்ணீர்ச் சோதனை. 200 மில்லி வெந்நீரில் சுமார் 70 கிராம் உப்பைக் கரைத்து ஆறவிட்டு, பகடையைப் போட்டுச் சுண்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மூலை கீழே போனால் எடை ஒருபக்கம் இருக்கிறது. பகடை மூழ்கிவிட்டால் சாதா உப்புக்குப் பதில் எப்சம் உப்பை அதிகமாகக் கரையுங்கள், கரைசல் இன்னும் அடர்த்தியாகும். ஒரு எச்சரிக்கை: வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழாலும் இப்படி ஆகலாம், எனவே இந்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு யார்மீதும் பழி போடாதீர்கள். ஸ்கோர் தாளும் டிராஃப்டும் இதே கதையைச் சொன்னதால்தான் நாங்கள் எழுதுகிறோம்.

பகடையை மாற்ற முடியாத நிலை வந்தால் இப்படிச் செய்யலாம்: ஒன்பது இன்னிங்ஸில் முதல் நான்குக்குப் பிறகு வெள்ளையில் விழுந்த எண்ணை 7இலிருந்து கழித்துப் படிப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். 1 விழுந்தால் 6, 2 விழுந்தால் 5. சாய்வு பெரும்பாலும் சமன் ஆகிவிடும். இதற்கு மறுப்புச் சொல்பவரோடு ஆடாமலிருப்பதே மேல்.

கார்டுகளிலும் கவனம் வேண்டும். பழைய சீசன்களை நிறுவனம் மறுபடியும் அச்சிட்டிருக்கிறது. அதே வீரரின் கார்டு பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். எந்தப் பதிப்பு என்று அறிவிப்பில் இல்லையென்றால், தனக்கு வாகானதை நடத்துபவர் எடுத்துக்கொள்வார். கலர் ஜெராக்ஸ் கார்டை வாங்கவே வாங்காதீர்கள். கூட்டு 7க்கான வரி 36இல் 6 தடவை வரும்; அந்த ஒரு வரியில் அவுட்டை ஹிட்டாக மாற்றினால் போதும், சீசன் முழுக்க வித்தியாசம் தெரியும்.

குறைந்தபட்ச 'அட் பேட்' விதியை, அதாவது சீசனில் இத்தனை முறையாவது பேட் பிடித்தவரைத்தான் ஆட்டத்தில் இறக்கலாம் என்ற விதியை, டிராஃப்டுக்குப் பிறகு தூக்கியது இன்னொரு மோசடி. 1957இல் 134 அட் பேட்டில் .403 சராசரியில் (நூற்றுக்குச் சுமார் 40 ஹிட்) அடித்த பாப் ஹேஸல், 1998இல் 67 அட் பேட்டில் 10 ஹோம் ரன் அடித்த ஷேன் ஸ்பென்சர் போன்றவர்களின் கார்டுகள் அரக்கத்தனமானவை. அந்த மாதிரி ஆட்களை முன்பே சல்லிசாக எடுத்து வைத்திருந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. டிராஃப்டு தொடங்கியபின் விதி மாறாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பரிசுத் தொகை யாருக்கும் வரவில்லை. கட்டணத்தைக் கடன் அட்டையில் கட்டியவர்கள் வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெற்றார்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வகையில் அனுப்பச் சொன்னதை நம்பியவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அந்த வகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது.