ஒசாகா போகிறவர்கள் கவனத்துக்கு: ‘எக்ஸ்பிரஸ் பாஸ் கன்ஃபர்ம்’ என்று சொல்லி 99,200 யென்னை விழுங்கிய தளம்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 99,200 யென். நம்மூர்க் காசில் 58,000 ரூபாய் பக்கம். ஒசாகாவின் தீம் பார்க்கான யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பானுக்கு (சுருக்கமாக யூஎஸ்ஜே) நான்கு எக்ஸ்பிரஸ் பாஸ், அதாவது ரைடு வரிசையைச் சுருக்கும் சீட்டு, தருகிறோம் என்று ஒரு டிக்கெட் தளம் வாங்கிக்கொண்ட பணம் இது. என் கைக்கு வந்து சேர்ந்ததோ, வேறு யாரோ காலையிலேயே பயன்படுத்தித் தீர்த்துவிட்ட கியூஆர் கோடு.

தளத்தின் பெயரைக் கேட்காதீர்கள். வங்கியில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது; அது முடியும்வரை போடுவதாக இல்லை. வகையைச் சொல்கிறேன். ஜப்பான் ரயில் பாஸ், தீம் பார்க், மீன் காட்சியகம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி விற்கும் இடைத்தரகுத் தளம். கூகுளில் தேடினால் ‘விளம்பரம்’ என்ற பொடி எழுத்தோடு உச்சியில் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பேசும்.

ஒசாகாவில் ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்தத் திருட்டு எப்படி நடக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பூங்காவில் மூன்று சீட்டுகள் உண்டு, மூன்றும் வேறு வேறு. ஸ்டூடியோ பாஸ் என்பது வெறும் நுழைவு. தேதிக்குத் தேதி விலை மாறும். பெரியவருக்கு 8,600 யென் வாக்கில் தொடங்கி, கூட்ட நாளில் பத்தாயிரத்தைத் தாண்டும். 12 வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம், 4 முதல் 11 வரை குழந்தைக் கட்டணம், 4 வயதுக்குக் கீழே இலவசம். எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது வரிசையைச் சுருக்கும் தனிச் சீட்டு. இதில் நுழைவு சேராது. பின்னால் வரும் 4, 7 என்ற எண் எத்தனை ரைடு என்பதைக் குறிக்கும், ஒரு ரைடுக்கு ஒரே ஒரு முறைதான். இதன் விலையும் தேதியைப் பொறுத்து ஏறி இறங்கும். கூட்ட நாளில் எக்ஸ்பிரஸ் 7 நுழைவுச் சீட்டைப் போல இரண்டு மூன்று மடங்குகூடப் போகும். மூன்றாவது, சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் பகுதிக்குள் போவதற்கான நேரச் சீட்டு. 2021 மார்ச்சில் திறந்த பகுதி அது. 2024 டிசம்பரில் டாங்கி காங் பகுதியும் சேர்ந்த பிறகு கூட்டம் சொல்லி மாளாது. இந்த நேரச் சீட்டை, பூங்காவுக்குள் நுழைந்ததும் அவர்களுடைய ஆப்பிலேயே இலவசமாக எடுக்கலாம். தீர்ந்துபோனால் ஸ்டாண்ட்பை சீட்டு, அதில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பாஸில் அந்தப் பகுதியின் ரைடு ஏதாவது இருந்தால் நுழைவு அதிலேயே அடங்கிவிடும்.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ‘யூஎஸ்ஜே விஐபி காம்போ, நின்டெண்டோ நுழைவு உறுதி’ என்று ஒரு தலைப்பு வைப்பதில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

நம்பிக்கை எந்த இடத்தில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அதே இடத்தில்தான் வரும். மார்ச் கடைசி வாரம். ஜப்பானியப் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை, கூடவே சகுரா என்கிற செர்ரிப் பூக்கும் பருவம். அதிகாரபூர்வத் தளத்தில் எக்ஸ்பிரஸ் 7 தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, வெளிநாட்டுக் கார்டு போட்டால் அந்தத் தளம் பல நேரம் பணத்தை ஏற்பதே இல்லை. ஜப்பான் போகிற பாதிப்பேர் இடைத்தரகரிடம் போவதே இந்த எரிச்சலில்தான். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர் தமிழில் வருகிறார். “சார், எக்ஸ்பிரஸ் பாஸ்ல என்ட்ரி வராது, ஸ்டூடியோ பாஸ் நீங்க தனியா எடுத்துக்கணும், அத மறந்துடாதீங்க.” தன் பையை நிரப்பாத ஒரு தகவலைத் தானாகச் சொல்கிறார், அதுவும் சரியான தகவல். ஃப்ளையிங் டைனோசர் குழந்தைகளுக்குப் பயமாக இருக்கும், மினியன் ரைடு இருக்கும் பாஸை எடுங்கள் என்று ஆலோசனை வேறு. “எங்ககிட்ட அன்னிக்கு தேதிக்கு கடைசி நாலு இருக்கு. கன்ஃபர்ம் பண்ணிடட்டுமா?” ஆளுக்கு 24,800 வீதம் 99,200 யென். பணம் போன அடுத்த நிமிடம் பூங்காவின் படம் போட்ட, பதிவு எண் அடித்த அழகான பிடிஎஃப் வந்தது. கீழே ஒரு வரி: ‘ரைடு நேரங்களும் கியூஆரும் பயணத்துக்கு 3 நாள் முன்பு அனுப்பப்படும்.’

அந்த ஒரு வரியில்தான் முழுத் திருட்டும் இருக்கிறது. உண்மையான எக்ஸ்பிரஸ் பாஸை வாங்கும்போதே நேரம் தெரிந்துவிடும். மரியோ கார்ட் 10.30 முதல் 11 வரை, மைன் கார்ட் 14.10 முதல் 14.40 வரை என்று நேரம் குறித்த ரைடுகள் திரையில் வரிசையாக நிற்கும், அதில் ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் பணம் கட்டும் பக்கமே திறக்கும். பூங்காவின் அங்கீகாரம் பெற்ற கூட்டாளித் தளங்களிலும் அப்படித்தான். நேரத்தைப் பிறகு சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் பாஸ் இல்லை என்று அர்த்தம். உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு எங்காவது மலிவாகக் கிடைக்கிறதா என்று தேடப்போகிறார். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் ஏற்கெனவே யாருக்கோ விற்ற ஒன்றின் படத்தையே உங்களுக்கும் தள்ளிவிடுவார்.

மூன்று நாள் முன்பு எதுவும் வரவில்லை. முந்தின நாள் இரவு வந்தது, ஸ்கிரீன்ஷாட்டாக. ஆப்பில் சேர்க்கும் இணைப்பு கிடையாது, வாங்கியவர் பெயரும் வெட்டப்பட்டிருந்தது.

ஜாஸ் என்ற படகு ரைடில் அந்தக் கியூஆர் வேலை செய்தது. மரியோ கார்ட்டில் சிவப்பு விளக்கு. மினியனில் சிவப்பு. ஃபார்பிடன் ஜர்னியில் சிவப்பு. இது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். எக்ஸ்பிரஸ் பாஸில் ஒவ்வொரு ரைடும் தனித்தனியாகக் கழியும். ஒரே படம் பல பேர் கையில் இருந்தால், எந்த ரைடில் யார் முதலில் காட்டுகிறாரோ அவருக்கு அது. காலையில் நம் கோடோடு எவரோ மரியோ கார்ட்டில் ஏறி இறங்கிவிட்டார். ஜாஸ் பக்கம் அவர் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பூங்கா ஊழியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையைத் திருப்பிக் காட்டி, இது பயன்படுத்தப்பட்ட சீட்டு, வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும் என்று குனிந்து வணங்கிச் சொல்கிறார்கள். மறுவிற்பனைச் சீட்டு செல்லாது என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது.

இதற்குப் பிறகு அந்தத் தளம் ஆடிய ஆட்டம்தான் வயிற்றெரிச்சல்.

வாட்ஸ்அப்பில் தமிழ் பேசியவர் அன்று மாலையோடு மாயம். பதில் இயந்திர ஆங்கிலத்துக்கு மாறியது. முதல் பதில்: 24 மணி நேரத்தில் தொடர்புகொள்கிறோம். அடுத்தது: ஜப்பானில் உள்ள எங்கள் சப்ளையரிடம் கேட்டிருக்கிறோம். சப்ளையர் யார் என்று கேட்டால், அது வணிக ரகசியமாம். அப்புறம், சீட்டு நிராகரிக்கப்பட்டதற்கு வீடியோ ஆதாரம் வேண்டும் என்றார்கள். ரைடு வாசலில், பின்னால் இருநூறு பேர் நிற்க, எவன் வீடியோ எடுப்பான்? சிவப்பு விளக்கின் புகைப்படம் அனுப்பினால், ‘அது எங்கள் சீட்டு என்பதற்கு ஆதாரமில்லை’. எல்லாவற்றுக்கும் மேலே வந்தது இந்த முத்து: ஜாஸ் ரைடில் சீட்டு வேலை செய்திருப்பதால் சீட்டு உண்மையானதே, சேவை வழங்கப்பட்டுவிட்டது, பணம் திரும்பக் கிடைக்காது.

ஒரே சீட்டைப் பல பேருக்கு விற்றதற்கான அத்தாட்சியையே, சீட்டு நல்லது என்பதற்கு அத்தாட்சியாக நீட்டுகிறார்கள். 99,200 யென்னுக்கு ஒரு படகுச் சவாரி!

கடைசியாக, நல்லெண்ண அடிப்படையில் 10,000 பயணப் புள்ளிகள், 90 நாளுக்குள் அதே தளத்தில் செலவழிக்கலாமாம். இதைத் தொடாதீர்கள். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மேலே, இத்துடன் புகார் முடிந்ததாக ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வாசகம் ஒளிந்திருக்கிறது. அழுத்திவிட்டால் வங்கியில் உங்கள் வழக்கு செத்துவிடும்.

இப்போது மிச்சமிருப்பது ஒரே வழி. பணம் கிரெடிட் கார்டில் போனதால் வங்கியில் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தின் கீழ் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார், போட முடிந்தது. தள்ளிப்போட்டால் காலக்கெடு முடிந்துவிடும், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். விற்றவரின் விளம்பரப் பக்கம், பிடிஎஃப், வாட்ஸ்அப் உரையாடல், சிவப்பு விளக்குப் படம், அவர்கள் மறுத்த மின்னஞ்சல் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைக்க வேண்டும், தகராறு வந்ததும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இந்தியாவிலிருந்து வாங்கியவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் உதவி எண் 1915 இரண்டிலும் பதிந்து வையுங்கள். இதே தளம் ‘யூபிஐயில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி’ என்றும் கேட்டது. ஏன் கேட்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அதில் போன பணத்தைக் கார்டு மாதிரி டிஸ்ப்யூட் போட்டுத் திரும்ப இழுப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, ஒரு வாரத் திட்டம் என்றேன். இந்த மனநிலையில் நாளுக்கு நாள் அட்டவணை எழுத முடியவில்லை. பணம் வீணாகிற இடங்களை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதே தளம் காம்போவில் 7 நாள் ஜேஆர் பாஸையும் (ஜப்பான் ரயில் பாஸ்) தலையில் கட்டப் பார்த்தது. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. ஒசாகாவிலேயே தங்கிச் சுற்றுகிறவருக்கு அது தண்டம். கியோட்டோவுக்கு ஜேஆர் சிறப்பு விரைவு ரயிலில் அரை மணி நேரம், 600 யென்கூட ஆகாது. நாராவுக்கு நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயில், 700 யென்னுக்குள். காசு ஏற்றி வைத்துக்கொண்டு ரயிலில் பயன்படுத்தும் இகோகா கார்டு ஒன்று போதும்.

மெட்ரோ பயணமும் பல சுற்றுலா இடங்களின் நுழைவும் சேர்ந்த ஒசாகா அமேசிங் பாஸ் நல்ல பாஸ்தான். ஒசாகா கோட்டைக் கோபுரத்துக்கு மட்டும் 2025 ஏப்ரலிலிருந்து 1,200 யென், அது இதில் அடக்கம். ஆனால் யூனிவர்சல் இதில் வராது, கையூகான் மீன் காட்சியகமும் வராது. ஜேஆர் ரயிலிலும் செல்லாது, ஆகவே யூனிவர்சல் சிட்டி ஸ்டேஷனுக்குப் போகும் யுமேசாகி லைனுக்குத் தனிக் காசு. நிஷிகுஜோவில் மாற வேண்டும், ஒசாகா ஸ்டேஷனிலிருந்து நேர் ரயிலும் சில உண்டு. ‘எல்லாம் அடங்கிய ஒசாகா பாஸ்’ என்று எவராவது விற்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

உங்கள் கார்டை அதிகாரபூர்வத் தளம் ஏற்கவில்லை என்றால் பூங்காவின் சொந்தத் தளத்தில் கூட்டாளிகள் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். கூகுள் விளம்பரத்தில் அல்ல, அந்தப் பட்டியலிலிருந்து சொடுக்கிப் போங்கள். ஜப்பானில் இறங்கிய பிறகு என்றால் லாசன் கடைகளில் லொப்பி என்ற இயந்திரம் இருக்கிறது, சீட்டு அதிலும் வரும். திரை ஜப்பானிய மொழியில்தான். போனில் மொழிபெயர்ப்பு ஆப் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிரஸ் கிடைக்கவே இல்லையா, விடுங்கள். கூட்ட நாளில் அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிடுவது வழக்கம், சில நாள் ஒரு மணி நேரம்கூட முன்னால். முதல் கூட்டத்தோடு உள்ளே போனால் நின்டெண்டோ பகுதிக்கு நேரச் சீட்டே தேவைப்படாமல் நடந்து போய்விடலாம். தனியாக ஏறத் தயார் என்றால் சில ரைடுகளில் சிங்கிள் ரைடர் வரிசை உண்டு.

குழந்தைகளோடு போகிறவர்கள் பாஸ் வாங்குமுன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஃபார்பிடன் ஜர்னிக்கு 122 செ.மீ., ஃப்ளையிங் டைனோசருக்கு 132. மரியோ கார்ட்டில் பெரியவர் கூட வந்தால் 107 போதும். உயரம் போதவில்லை என்று வாசலில் நிறுத்தினால் பாஸ் காசு திரும்ப வராது. இந்தத் தளம் எங்களோடு வந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஃபார்பிடன் ஜர்னி இருந்த பாஸை விற்றது, உயரம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீட்டு கையில் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கியூஆர் தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அதை எடுத்து இன்னொருவருக்கு 24,800 யென்னுக்கு விற்க ஆள் இருக்கிறது.