எட்டே நாளில் பச்சை காட்டிய மண்புழு உரம்: ஓர் எச்சரிக்கை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் அரை ஏக்கரில் முள்ளுக் கத்தரி பயிரிடுகிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கத்தரிதான். வீட்டில் மாடுகள் இருந்தவரை எருவுக்குக் குறையில்லை. அவற்றை விற்ற பிறகு, இந்த ஆண்டு அடியுரமே இல்லாமல் நடவு செய்ய நேர்ந்தது. நட்டு இருபது நாள் கழிந்த நிலையில், சிறிய சரக்கு வண்டியில் மூட்டைகளுடன் வந்த ஒருவர், அது தம் சொந்தத் தொட்டியில் தயாரான மண்புழு உரம் என்றார். "அண்ணா, இதைப் போட்டால் யூரியா மூட்டையைத் தொடவே வேண்டாம், எட்டாம் நாள் செடியைப் பாருங்கள்" என்று அவர் உறுதியளித்ததை நம்பி, ஐம்பது கிலோ மூட்டை 450 ரூபாய் வீதம் நாற்பது மூட்டைகளை, ரசீது எதுவும் கேட்காமல், 18,000 ரூபாய்க்கு இறக்கிக்கொண்டேன்.

மூட்டையின் வாயைப் பிரித்தபோதே மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. நன்கு மக்கிய மண்புழு உரத்துக்கு மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கும், இப்படிக் கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி இருக்காது என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும், புதிய சரக்கு போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, செடிக்கு இரண்டு கை வீதம் வைத்து மண் அணைத்தேன்.

அவர் சொன்னபடியே எட்டாம் நாள் தோட்டம் கரும்பச்சையாக மாறியது. மகிழ்ச்சியில் பக்கத்து நிலத்துப் பெரியவரை அழைத்துக் காட்டினேன். ஓர் இலையை மடித்துப் பார்த்த அவர், "எருவுக்கு இன்னா நைனா இவ்ளோ அவசரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு உறைக்க மேலும் மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் கொழுத்த இளந்தளிர்களில் அசுவினிப் பூச்சி அடையாக மொய்த்தது, பூக்கள் உதிர்ந்தன, நான்காம் வாரத்தில் அடியிலைகள் வெளிறத் தொடங்கின. உரக்காரரின் பேச்சை நம்பி, முப்பதாம் நாள் இட வேண்டிய மேலுரத்தையும் விட்டுவிட்டிருந்தேன். என் அரை ஏக்கருக்கு அது ஏறத்தாழ அரை மூட்டை யூரியாதான்.

பிறகுதான் எஞ்சியிருந்த மூட்டைகளைக் கிளறிப் பார்த்தேன். அடியில் பாதி கரைந்த வெள்ளைக் குருணைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டுக் கலக்கியபோது, முக்கால் பங்கு அரை நிமிடத்துக்குள் மணலாகவும் வண்டலாகவும் அடியில் படிந்தது; மேலே மிதந்தது கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு. மற்றொரு பிடியை உலர்த்தி இரும்புக் கரண்டியில் வைத்துச் சுட்டேன். எருவாக இருந்தால் புகைந்து கருகிச் சாம்பலாகச் சுருங்கியிருக்க வேண்டும், இதுவோ சூடேறிய மண்ணாகவே கிடந்தது. மண் பரிசோதனைக்குக் கொடுத்த மாதிரியில் கரிமச் சத்து 2 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. மண்புழு உரத்தில் அது குறைந்தது 18 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. ஏரி வண்டலில் யூரியாவைத் தூவி, நீர் தெளித்து, மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

இந்த மோசடி எளிதில் பிடிபடாததற்குக் காரணம், எருவையும் ரசாயன உரத்தையும் நாம் ஒரே அளவுகோலால் அளப்பதுதான். யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம்; ஈர மண்ணில் சில நாள்களிலேயே அது பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறிவிடும், மணற்பாங்கான நிலமாக இருந்தால் சில பாய்ச்சலில் வேருக்குக் கீழே இறங்கியும் விடும். நல்ல மண்புழு உரத்திலோ தழைச்சத்து 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதுவும் நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க மெல்லத்தான் வெளிப்படும். நான் வாங்கிய இரண்டு டன்னும் அசலாகவே இருந்திருந்தாலும், அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ இருபது கிலோ, அதாவது மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும் ஒரே ஒரு யூரியா மூட்டையில் உள்ள அளவுதான். அப்படியானால் 18,000 ரூபாய் எதற்கு? ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும், நுண்ணுயிர்களுக்கு உணவாகும் கரிமச் சத்துக்காக. ஒரு குருணை யூரியாவாலும் தர முடியாத அந்தப் பொருள்தான் என் மூட்டைகளில் இல்லை. யூரியாவைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே வாங்கியிருந்தால் மேலுரமாகத் தன் வேலையைச் செய்திருக்கும்.

ஆகவே, எரு விற்பவர் யூரியாவின் வேகத்தை வாக்குறுதியாகத் தந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே, மேல் மூட்டையில் அன்றி அடி மூட்டையில் ஒரு பிடி எடுத்து நீரில் கலக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் நிகர எடையும் சத்து விவரமும் அச்சிடப்படாத வெள்ளைச் சாக்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். தோல் பதனிடும் தொழில் நிறைந்த நம் பாலாற்றுப் பகுதியில், சரக்கு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டே ஆக வேண்டும். தோல் கழிவு கலந்திருந்தால் உப்பும் குரோமியமும் நிலத்துக்குள் போகும், அதை மேலுரம் இட்டுச் சரிசெய்ய முடியாது. ரசீது வாங்காதது என் பெருந்தவறு. வேளாண்மை அலுவலரிடம் முறையிடச் சென்றபோது, விற்றவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் யார் மீது நடவடிக்கை எடுப்பது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கைப்பேசி எண்ணும் இப்போது பயன்பாட்டில் இல்லை.

மிஞ்சிய ஏழு மூட்டைகளை, மழையில் உடைந்த வரப்பை அடைக்கக் கொட்டிவிட்டேன். வண்டல் அல்லவா, அங்கே நன்றாகவே இறுகி நிற்கிறது.