பித்தளைக் குடத்தை நெளிவெடுக்கக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பித்தளைச் சாமான் எதையாவது நெளிவெடுத்துப் பொலிஷ் பண்ணக் கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் கொண்டுபோகிறவர்கள், கடைக்காரர் அதை நெருப்பில் காட்டுவாரா, எதில் முக்கி எடுப்பார் என்ற இரண்டையும் கேட்காமல் சாமானைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நான் ஒன்றைக் கேட்டேன், மற்றதைக் கேட்கவில்லை. அம்மம்மாவின் குடம் போய்விட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடம் அது. வார்ப்பு இல்லை, தகட்டை அடித்துச் செய்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது லொறியில் ஏதோ பாரம் அதன் மேல் சரிந்து, வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவமாகிவிட்டது. கழுத்திலும் ஒரு பள்ளம். தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நிறைகுடம் வைக்க அந்தக் குடம்தான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று தூக்கிக்கொண்டு போனேன்.

கடை ஒரு ஒழுங்கைக்குள். பெயர் போடவில்லை, கேட்கவும் வேண்டாம். கடைக்காரர் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரித் தருவன் தம்பி" என்றார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பேரம் பேசவில்லை. ஊரில் கன்னார் (பித்தளை வேலை செய்பவர்கள்) ஒவ்வொரு சுற்று அடித்த பிறகும் தகட்டை நெருப்பில் காட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால், "சூடாக்கித்தானே அடிப்பீங்கள் அண்ணை?" என்று கேட்டேன். "தேவையில்லைத் தம்பி, நிறம் போயிடும்" என்றார். அங்கேயே குடத்தைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

என் கண் முன்னாலேயே இரும்புக் குத்தியில் கழுத்தை மாட்டி, மரச் சுத்தியலால் அடித்து வாயை வட்டமாக்கினார். சூடே காட்டாத பச்சைத் தகட்டில், பத்து நிமிடத்தில். பின்னேரம் எடுக்கப் போனபோது குடம் பொன் மாதிரி மின்னியது. கிட்டக் கொண்டுபோனால் மட்டும் மூக்கை அரிக்கும் ஒரு நெடி. "அமோனியாவில முக்கி எடுத்தது, அதான் இந்தப் பளபளப்பு" என்று பெருமையாகச் சொன்னார். பில்லில் 'பொலிஷ் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது. நெளிவெடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாலைந்து நாளில் வாய் விளிம்பு மடிப்பிலிருந்து நீல நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டேன். மூன்றாம் கிழமை கல்யாணம். மண்டப வாசலில் வாழையிலை போட்டு, நெல் பரப்பி, குடத்தை வைத்து அம்மா தண்ணீர் ஊற்றினார். மாவிலையைச் செருகும்போது பார்த்தால் குடத்தைச் சுற்றி நெல் கறுத்து ஈரமாகிக்கொண்டு வந்தது. கழுத்தில் மேலிருந்து கீழாகத் தலைமுடி போல ஒரு கோடு. அதிலிருந்து ஒவ்வொரு துளியாக இறங்கியது. விரலால் தடவினால் கோடு நகத்தில் தட்டுப்பட்டது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்குள் யாரோ எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொண்டுவந்து மாற்றினார்கள். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைக்காரரிடம் போனேன். "பழைய சாமான் தம்பி, முதலே வெடிப்பு இருந்திருக்கும். நான் பொலிஷ்தான் போட்டன், பில்லைப் பாருங்கோ." கொடுக்க முன் எடுத்த படங்களைக் காட்டினேன். கண்ணை எடுத்தும் பார்க்கவில்லை. வேண்டுமென்றால் பழைய பித்தளை விலைக்கு நிறுத்து எடுப்பதாகச் சொல்லித் தராசைக் கிட்ட இழுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காரணத்தை விளக்கியது கனடாவில் இருக்கும் என் சித்தியின் மகன். அவனுக்குப் பொழுதுபோக்கு இலக்குச் சுடுதல். அனுமதிப்பத்திரத்தோடு, ஒரு .223 ரைஃபிள். சுட்ட ரவைக் கோதுகளை (தோட்டாவின் பித்தளை உறைகளை) எறியாமல் திரும்ப நிரப்பிப் பாவிப்பான். (கொழும்பில் ஒரு வெறும் கோது மேசை லாச்சிக்குள் கிடந்தாலே நமக்கு நித்திரை வராது. அங்கே கடையில் பையோடு விற்கிறார்கள்.) படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்த உடனேயே, "அண்ணா, இது கழுத்து வெடிப்பு. என்ர கோதிலயும் இப்பிடித்தான் வரும்" என்றான்.

ரவைக் கோதும் பித்தளைதான். நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது நாகம் (துத்தநாகம்). சுடும்போது கோது துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்துவிடும். அதற்கு எண்ணெய்ப் பசை தடவி ஓர் எஃகு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்குவான். பசை போதாவிட்டால் கோது அச்சுக்குள் இறுகிவிடுமாம். ஒவ்வொரு தடவையும் கழுத்து விரிந்து, நெருங்கி, மறுபடி விரிகிறது. பித்தளையைப் பச்சையாக வளைக்க வளைக்க அது இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், உள்ளே இழுவிசையும் தங்கிவிடும். அதனால் சில சுற்றுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சில விநாடி சுவாலையில் காட்டி இளக்குவான். அடிப்பக்கம் சூடேறவே கூடாது. அது இளகினால் சுடும்போது மருந்து வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்காது. துப்பரவு செய்வது சோளத் தக்கைத் தூளில் உருட்டி. அமோனியா கலந்த பொலிஷைக் கிட்டவும் எடுக்கமாட்டானாம்.

அமோனியா ஏன் கூடாது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் இராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. எடுத்துப் பார்த்தால் கோதுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும், அடித்து நெருக்கியதால் பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது. 1921இல்தான் காரணம் தெளிவாக விளக்கப்பட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு அதே வேலையை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்குச் செய்து தந்திருக்கிறார்கள். விளிம்பு மடிப்புக்குள் தங்கிய திரவம்தான் நீலமாகக் கசிந்தது. செம்பு அமோனியாவில் கரைந்தால் வரும் நிறம் அது.

சூடாக்கினால் நிறம் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதும் வெறும் சாட்டுத்தான். நெளிவெடுத்த பிறகு 250 முதல் 300 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வைத்தாலே உள்ளிருக்கும் இழுவிசை பெரும்பாலும் போய்விடும். மேலே படரும் கறுப்பைப் பொலிஷ் எடுத்துவிடும். விறகுக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நெளிவில்லாத சாமானென்றால் கடைக்கே போகாதீர்கள், புளி போதும். ஆனால் இரவு முழுக்க ஊற விடாதீர்கள், நாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டு விழும். நெளிவிருந்தால், கொடுக்க முன் கழுத்தையும் விளிம்பையும் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். 'நெளிவெடுத்தல்' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

குடத்தை வேறு ஒருவரிடம் காட்டினேன். ஒட்டலாம், ஆனால் சூடு பட்டால் பக்கத்து வெடிப்புகளும் ஓடும் என்று கையை விரித்தார். இப்போது அதற்குள் அம்மா நெல் போட்டு வைத்திருக்கிறார்.