சைக்கிள் ஃபிரேம்: ஸ்டீலா, அலுமினியமா?

கடையில் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தடுமாறுபவர்கள் நிறைய. எடையோடு விரிசலையும் சேர்த்து யோசியுங்கள்.

நல்ல ஃபிரேம் ஒரே அடியில் உடைவது அபூர்வம். ஒவ்வொரு மிதிக்கும் அது துளி வளைந்து நிமிர்கிறது. வெல்டிங் ஓரத்திலோ ஆழமான கீறலிலோ அழுத்தம் குவிந்து மயிரிழை விரிசல் பிறக்கிறது. அப்புறம் சுமை ஏற ஏற, இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வரிகள் தெரியும். கடைசியாகச் சட்டென முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

ஆயுள்: ஸ்டீலுக்குச் சோர்வு எல்லை உண்டு. அழுத்தம் அதற்குக் கீழே இருந்து, துருவும் பிடிக்காவிட்டால், கோடி முறை மிதித்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சுமையும் கணக்கில் சேரும். அதனால்தான் அதன் குழாய்களைப் பருமனாகச் செய்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள்.

எடை: அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.7 கிராம், ஸ்டீலுக்குச் சுமார் 7.85 கிராம். இதில் போட்டியே இல்லை.

துரு: அலுமினியம் தேவலை.

பழுது: ஸ்டீலை நல்ல வெல்டர் பற்றவைத்துவிடுவார். அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் வலுவிழக்கும்; மறுபடி வெப்பப் பதப்படுத்த வேண்டும்.

மூட்டை கட்டி நெடுந்தூரம் போகிறவர், பல வருடம் வைத்திருப்பவர் ஸ்டீல் வாங்கலாம். மேட்டில் வேகமாக ஏற வேண்டும், மாடிக்குத் தூக்க வேண்டும் என்றால் அலுமினியம் சரி. ஆனால் மாதம் ஒருமுறை பெடல் அச்சுக்கு மேலும் கீழும் உள்ள வெல்டிங்கைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் மெல்லிய கோடு தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.