பி.எஸ்சி. வேதியியலுக்குப் பிறகு: எம்.எஸ்சி.யா, க்யூசி லேபா?

"அண்ணா, எம்.எஸ்சி. சேரட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?" என்று சித்தி மகள் போன வாரம் கேட்டாள். மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறாள். நான் இரண்டையும் பார்த்தவன்: முதலில் ஒரு மருந்துக் கம்பெனியில் இரண்டு வருடம், அப்புறம் எம்.எஸ்சி.

வேலை என்றால் எங்கள் செட்டில் பலருக்கும் க்யூசி லேப்தான், அதாவது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் இடம். காலை ஷிஃப்டில் முதல் காரியம் மொபைல் ஃபேஸ், அதாவது மருந்தில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிக்குள் ஓடும் திரவம். அதற்கான பஃபரை (பிஹெச், அதாவது அமில-காரத் தன்மை, எளிதில் மாறாத கரைசல்) 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஒலி அலையால் அதிரவைக்கும் சோனிகேட்டரில் வைத்துக் காற்றை விரட்டி, ஹெச்பிஎல்சியில் ஏற்ற வேண்டும். ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த மாதிரியை) 6 முறை இன்ஜெக்ட் செய்வோம். பீக் ஏரியாவின் (வரைபடத்தில் எழும் மேட்டின் பரப்பு) ஆர்எஸ்டி, அதாவது ஆறு ரீடிங்குக்கும் இடையே உள்ள சிதறல், 2 சதவீதத்தைத் தாண்டினால் சாம்பிள் பக்கமே போக முடியாது, எங்கே பிசகியது என்று தேட வேண்டும். கல்லூரியில் டைட்ரேஷன் ஒத்துவராவிட்டால் பக்கத்து பெஞ்ச் ரீடிங்கை எழுதியவன் நான். இங்கே ஒரு எண்ணை அடித்துத் திருத்தினாலும் கையெழுத்து, தேதி, காரணம் மூன்றும் வேண்டும். அளப்பது என்றால் என்ன என்று அங்கேதான் கற்றேன்.

ஆனால் ஆறேழு மாதத்தில் கை பழகிவிடும். இந்த மருந்துக்கு ஏன் இந்த பிஹெச் என்று சீனியரிடம் கேட்டேன். "எஸ்ஓபியில இருக்கிறதைச் செய் தம்பி" என்றார். எஸ்ஓபி என்றால் கம்பெனி எழுதி வைத்த செய்முறை. அவர் சொன்னது சரி. மருந்து விஷயத்தில் ஆளுக்கொரு முறை வைத்தால் ஆபத்து. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் எம்.எஸ்சி. போனேன்.

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு: பிப்ரவரியில் நடக்கும், 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வயது வரம்பு கிடையாது. புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு: அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஜேஆர்எஃப்புக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. "எம்.எஸ்சி. முடித்தால் வாத்தியார் வேலை" என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள், அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இன்னும் இரண்டு வருடம் பி.எட். வேண்டும்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எம்.எஸ்சி. சேர்வதுதான் இருப்பதிலேயே மோசம் என்பேன். என் வகுப்பில் அப்படி வந்தவர்கள் ப்ராஜெக்ட் செமஸ்டரில் மிகவும் கஷ்டப்பட்டார்கள். குழப்பத்தில் இருக்கும் பையனுக்கு நான் முதலில் வேலையைத்தான் சொல்வேன். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி மட்டும் வேண்டாம். இடைவெளி விட்டால் படித்தது மறக்கும் என்பது உண்மைதான். குவாண்டம் புத்தகத்தைத் திரும்பத் திறந்தபோது முதல் மாதம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் வந்துவிட்டது.

தங்கைக்கு இதையே சொல்ல வாய் வரவில்லை. நான் வேலையை விட்டுப் படிக்கப் போனபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அவள் சம்பாதிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் வீட்டில் வரன் பேச்சுதான் வரும். அதனால் அவளை ஜாமுக்கு இந்த வருடமே விண்ணப்பிக்கச் சொன்னேன், கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போகச் சொன்னேன். இரண்டும் கிடைத்து அவள் வேலையைத் தேர்ந்தால், இரண்டு வருடம் கழித்துப் படிக்க அனுப்புவேன் என்று சித்தப்பாவிடம் இப்போதே வாக்கு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.